பச்சைக் காயாக வாங்கி வீட்டிலேயே பழுக்கப் போடுவது: மாம்பழ ரகம் பார்ப்பதிலிருந்து வெட்டுவது வரை

மாம்பழம் சரியில்லை என்று சொல்பவர்களிடம் கொஞ்சம் விசாரித்தால், பெரும்பாலும் குறை பழத்தில் இருக்காது. ரகத்தையும் முற்றலையும் பார்க்காமல் நிறத்தை மட்டும் பார்த்து வாங்கியிருப்பார்கள். அல்லது நல்ல காயை வாங்கி வந்து, மூன்றாம் நாளே குளிர்சாதனப் பெட்டியில் தூக்கி வைத்திருப்பார்கள்.

தோப்பிலோ மண்டியிலோ ஐந்து, பத்து கிலோ பச்சைக் காயாக வாங்கி வீட்டில் பழுக்க வைக்க நினைப்பவர்களுக்கான வழிமுறை இது. தமிழ்நாட்டுச் சந்தைகளில் கிடைக்கும் ரகங்களை வைத்தே சொல்கிறேன். வரிசையை மாற்ற வேண்டாம். முற்றாத காயை வாங்கிவிட்டால் அதற்கப்புறம் எந்த வைக்கோலும் அதைக் காப்பாற்றாது.

தொடங்கும் முன் தேவையானவை

காய் வீட்டுக்கு வருவதற்கு முன்பே இவை தயாராக இருக்கட்டும்: நன்றாகக் காய்ந்த வைக்கோல், ஓட்டையுள்ள அட்டைப் பெட்டி அல்லது பிளாஸ்டிக் கிரேட், ஒரு பழைய சாக்கு, ஒரு பெரிய வாளி, கூர்மையான கத்தரிக்கோல். நகரத்தில் வைக்கோலுக்கு எங்கே போவது என்றால், பழமண்டியில் பெட்டிக்குள் போட்டு வரும் வைக்கோலையே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் அச்சில்லாத பழுப்புக் காகிதம் போதும்.

இடம்தான் முக்கியம். வெயில் படாத, காற்று வருகிற, வீட்டிலேயே குளிர்ச்சியான தரை வேண்டும். மாம்பழம் சீராகப் பழுக்க 20 முதல் 25 டிகிரி வெப்பம் சரி. மே மாதத்தில் அந்த அளவு கிடைக்காதுதான். ஆனாலும் மொட்டைமாடி அறையிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழும் போடாதீர்கள். வெப்பம் அதிகமானால் உள்ளே சதை குழைந்துவிடும், தோல் மட்டும் திட்டுத்திட்டாகப் பச்சையாகவே நிற்கும்.

1. எதற்கு வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"நல்ல மாம்பழம் எது?" என்று கடைக்காரரிடம் கேட்டால், அன்று அவரிடம் அதிகம் இருப்பதைக் காட்டுவார். அதற்குப் பதில் எப்படிச் சாப்பிடப் போகிறீர்கள் என்பதைச் சொல்லிக் கேளுங்கள்.

துண்டு போட்டுத் தட்டில் வைக்க வேண்டுமானால் சதை கெட்டியாக இருக்க வேண்டும்: பங்கனப்பள்ளி, காலாப்பாடு. கதுப்பைக் கீறிக் கரண்டியால் வழித்துச் சாப்பிட இமாம்பசந்தும் மல்கோவாவும். பழச்சாறுக்குச் சாறு நிறைந்த பீத்தர் நல்லது. உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தின்ன கிளிமூக்கு. ஊருக்குப் பார்சல் அனுப்புவதாக இருந்தால் இமாம்பசந்தை எடுக்காதீர்கள். தோல் மெலிது, வழியிலேயே நசுங்கிவிடும். அதற்குப் பங்கனப்பள்ளியோ நீலமோ தாங்கும்.

2. மாதத்தைப் பார்த்து ரகத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு காலம் உண்டு. அதற்கு முன்னால் வருவது பெரும்பாலும் விலைக்காக அவசரமாகப் பறித்த பிஞ்சு.

செந்தூரம் ஏப்ரலிலேயே வந்துவிடும். அல்போன்சாவும் பங்கனப்பள்ளியும் ஏப்ரல் கடைசியிலிருந்து சூடுபிடித்து மே முழுவதும் கிடைக்கும். இமாம்பசந்த் மே, ஜூனில். மல்கோவா அதற்கும் பின்னால்தான். நீலம் எல்லாவற்றுக்கும் கடைசி, ஜூன் ஜூலையில். மழை, பூக்கும் காலம் இவற்றைப் பொறுத்து இரண்டு வாரம் முன்பின் ஆகும்.

மார்ச் மாதத்தில் தளதளவென்று மஞ்சளாகக் குவிந்திருக்கும் பங்கனப்பள்ளியைக் கண்டால் வேடிக்கை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். மே பிற்பாதிக்கு முன்னால் யாராவது "மல்கோவா சார், சேலம் மல்கோவா" என்று கூவினால், உருண்டையாக இருக்கும் வேறு ஏதோ பெரிய காய்க்கு அந்தப் பெயரைச் சூட்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

3. ரகத்தை அடையாளம் காணுங்கள்

பெயர்ப் பலகையை நம்பாமல் வடிவம், தோல், மூக்கு மூன்றையும் பாருங்கள். நிறம் கடைசியில்.

பங்கனப்பள்ளி: ஆந்திரத்தின் பனகானப்பள்ளி ஊர்ப்பெயர் கொண்டது. 2017இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நீள்முட்டை வடிவம், வழவழப்பான மெல்லிய தோல், அதில் வெளிர்ப் புள்ளிகள். மூக்கு என்று தனியாக ஒன்றும் இருக்காது. பழுத்தால் முழுவதும் ஒரே மஞ்சள். நார் கிடையாது, சதை வெட்டினால் நிற்கும். வாசனை மிதமானது என்பதால் மணத்தை மட்டும் வைத்து இதை எடைபோட்டால் ஏமாறுவீர்கள். முதல்முறை பழுக்கப் போடுகிறவர்கள் இதில் தொடங்குவது நல்லது. ஒருநாள் கவனிக்காமல் விட்டாலும் மன்னித்துவிடும்.

இமாம்பசந்த்: திருச்சிப் பக்கத்துக்காரர்களிடம் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு முடியாது. தெலுங்கு நாட்டில் ஹிமாயத் என்பார்கள். பெரிய காய், பல நேரம் அரைக் கிலோவைத் தாண்டும். பழுத்தாலும் தோல் பச்சையாகவே இருந்து, அங்கங்கே மட்டும் மஞ்சள் ஓடும். புதிதாக வாங்குகிறவர்கள் தடுமாறும் இடம் இதுதான். மஞ்சளாகட்டும் என்று காத்திருப்பார்கள், அதற்குள் உள்ளே கஞ்சியாகிவிடும். இனிப்போடு மெல்லிய புளிப்பும் சேர்ந்து வரும். அந்தப் புளிப்பு இல்லாவிட்டால் நாள் கடந்துவிட்டது என்று அர்த்தம்.

மல்கோவா: உருண்டை, கனம், சற்றே சாய்ந்த தோள். தோல் தடிமன். பழுத்தாலும் பச்சை கலந்த மஞ்சள்தான். நாரே இல்லாத சதை, உடம்புக்குச் சின்னக் கொட்டை. மரம் குறைவாகத்தான் காய்க்கும், அதனால் விலையும் இறங்காது. மலிவாகக் கிடைக்கும் மல்கோவாவை இரண்டு முறை உற்றுப் பாருங்கள்.

செந்தூரம்: தோளில் குங்குமச் சிவப்பு, கீழே போகப் போக மஞ்சள். இந்தச் சிவப்பு வெயில் பட்ட பக்கத்தில் காயாக இருக்கும்போதே வந்துவிடும். எனவே சிவந்திருக்கிறது என்பதால் பழுத்துவிட்டது என்று எடுக்க வேண்டாம். சிவப்பு இல்லாத பகுதி பச்சையா மஞ்சளா என்று பாருங்கள்.

அல்போன்சா: கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் நிறைய விளைகிறது. நடுத்தர அளவு, ஆரஞ்சு நிறச் சதை, அறையை நிறைக்கும் மணம். இதில் ஒரு சிக்கல்: வெளியே எந்தக் குறியும் தெரியாமல் கொட்டையை ஒட்டி வெளிறிய, பஞ்சு போன்ற புளித்த பகுதி சில பழங்களில் இருக்கும். இது நீங்கள் பழுக்க வைத்ததில் வந்த தவறல்ல, அந்த ரகத்தோடு பிறந்த குறை. அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம்.

கிளிமூக்கு: பெங்களூரா, தோதாபுரி எல்லாம் இதுதான். நீளமாக, நுனியில் வளைந்த மூக்கோடு இருக்கும், தவறவே முடியாது. தடித்த தோல். பழமாகச் சாப்பிடுவதைவிடச் செங்காயாகத் தின்பதில்தான் ருசி. கிருஷ்ணகிரி, சித்தூர்ப் பக்கத்து மாங்கூழ் ஆலைகளுக்குப் பெருமளவில் போவது இந்தக் காய். வீட்டில் பழுக்கப் போட நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நீலம்: சிறியது, மணம் தூக்கலானது, நாள்பட நிற்கும். ஆண்டுதோறும் தவறாமல் காய்ப்பதால் புதிய ஒட்டு ரகங்கள் பலவற்றுக்கு இதுவே தாய் தகப்பன். மல்லிகா, ஆம்ரபாலி இரண்டுமே நீலமும் வடநாட்டுத் தசேரியும் சேர்ந்து பிறந்தவை. கொட்டைக்குள் வண்டு இருப்பது நீலத்தில் சகஜம். அது எப்படி என்று கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

ருமானி ஆப்பிள் மாதிரி உருண்டையாக, மெல்லிய தோலோடு, சாறு சொட்டச் சொட்ட இருக்கும். பழுத்தபின் நிற்காது. காலாப்பாடு பார்க்கச் சின்னதாக, பொலிவில்லாமல் இருப்பதால் புதியவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். இனிப்பில் அது பெரிய பழங்களுக்குச் சளைத்ததல்ல. தெற்கே போனால் கதையே வேறு. ராஜபாளையம் பக்கம் சப்பட்டையும் பஞ்சவர்ணமும், நத்தம் பக்கம் காசாலட்டும் கல்லாமையும் என்று ஊருக்கு ஊர் ராஜ்ஜியம். அங்கே இருக்கிறவர்கள் வெளியூர்ப் பெயருக்கு ஆசைப்படாமல் உள்ளூர்க் காயை வாங்குவதே புத்திசாலித்தனம். பறித்து ஒரே நாளில் கைக்கு வருமே.

4. முற்றிய காயா என்று சோதியுங்கள்

முழு வேலையிலும் இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். முற்றிய மாங்காய் பறித்த பிறகும் தானாகப் பழுக்கும். முற்றாத காய் பழுக்காது, வெம்பும். தோல் சுருங்கி, சதை ரப்பர் போல ஆகி, புளிப்பும் இல்லாமல் இனிப்பும் இல்லாமல் நிற்கும்.

முதலில் தோள். காயைக் கண்ணுக்கு நேரே பிடித்து, காம்பு சேரும் இடத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். பிஞ்சில் அந்த இடம் சரிந்து, காம்பு மேலே துருத்திக்கொண்டிருக்கும். முற்ற முற்ற இரு பக்கத்துச் சதையும் எழும்பி, காம்பு ஒரு சிறு குழிக்குள் இறங்கிவிட்டதுபோல் தெரியும். பங்கனப்பள்ளியிலும் அல்போன்சாவிலும் இது தெளிவாகத் தெரியும், கிளிமூக்கில் அவ்வளவாகத் தெரியாது.

இரண்டாவது கன்னம். காயின் இரு பக்கமும் தட்டையாக இல்லாமல் புடைத்திருக்க வேண்டும். மூன்றாவது தோல். முற்றிய காயின் மேல் சாம்பல் பூத்த மாதிரி மெல்லிய வெண்பூச்சு இருக்கும், விரலால் தேய்த்தால் போகும். தோலின் புள்ளிகளும் எடுப்பாகத் தெரியும். மண்டியில் பலபேர் கை மாறிய காயில் இந்தப் பூச்சு அழிந்திருக்கலாம். அது இல்லை என்பதற்காக மட்டும் ஒதுக்க வேண்டாம்.

மொத்தமாக வாங்கும்போது ஒரு காயை வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கத்தி கொட்டையில் முட்டி நின்றால் நல்லது. கொட்டை ஓடு வெள்ளையாக, கத்திக்கு வழிவிட்டால் அது ஊறுகாய்க்குத்தான் ஆகும். சதையும் கொட்டையை ஒட்டிய இடத்தில் மஞ்சளாகத் திரும்ப ஆரம்பித்திருக்க வேண்டும்.

தோப்பில் நேரடியாக வாங்கினால் ஒரே ஒரு கேள்வி போதும்: "அண்ணே, மரத்துல பழம் விழ ஆரம்பிச்சிடுச்சா?" ஒன்றிரண்டு தானாகப் பழுத்து விழுந்த மரத்தின் காய் பறிப்புக்குத் தயார். மண்டியில் வாங்கினால் எப்போது பறித்தது என்று கேளுங்கள். பறித்து இரண்டு மூன்று நாளுக்குள் உள்ளதாக இருந்தால் சரி.

5. தண்ணீரில் போட்டுப் பிரியுங்கள்

வீட்டுக்கு வந்ததும் வாளியில் தண்ணீர் நிரப்பிக் காய்களைப் போடுங்கள். முற்றியது மூழ்கும். முற்றாதது மிதக்கும். முற்ற முற்ற சதையில் மாவுச்சத்து சேர்ந்து தண்ணீரைவிட அடர்த்தியாகிவிடுவதுதான் காரணம். காய் பெரிதா சிறிதா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மிதப்பவற்றைத் தனியே எடுத்து அன்றே பச்சடிக்கோ ஊறுகாய்க்கோ கொடுத்துவிடுங்கள். "சும்மா சேர்த்துப் போட்டுப் பார்ப்போமே" என்ற ஆசை எல்லோருக்கும் வரும். வெம்பிய காய் முதலில் பூஞ்சை பிடித்து, பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும்.

அதே தண்ணீரில் பாலையும் கழுவிவிடலாம். காம்பில் வடியும் மாம்பால் தோலில் பட்டால் கருப்புக் கோடாகப் பொசுக்கிவிடும். நம் உதட்டோரம் பட்டால் புண்ணாக்கும். காம்பு நீளமாக இருந்தால் அடியோடு ஒடிக்காமல், ஒரு சென்டிமீட்டர் விட்டுக் கத்தரியுங்கள். அடியில் ஒடித்தால்தான் பால் பீறிடும். அப்படி ஒடிந்துவிட்டால் காயைக் கவிழ்த்துப் பிடித்துப் பால் முழுதும் வடிந்தபின் கழுவுங்கள்.

கழுவிய காய்களை ஈரம் போகத் துடைத்து, ஒரு மணி நேரம் காற்றாட வையுங்கள். இதைத் தவிர்ப்பவர்கள் அதிகம். ஈரக் காய் வைக்கோலுக்குள் போனால் காம்படியிலிருந்து கருத்து அழுகத் தொடங்கும்.

6. அடிபட்டதை ஒதுக்கி, ரகம் பார்த்துப் பிரியுங்கள்

கீறல், ஓட்டை, கன்றிய இடம் உள்ளவை தனி. ஒரே ரகம் ஒரு பெட்டியில். இமாம்பசந்தும் மல்கோவாவும் ஒரே பெட்டியில் இருந்தால், முன்னது பழுத்து விடும் வாயு பின்னதைத் தூண்டிவிடும், எதை எப்போது பார்ப்பது என்று குழப்பம்தான் மிஞ்சும்.

7. பழுக்கப் போடுங்கள்

அடியில் ஒரு கைப்பிடி உயரத்துக்கு வைக்கோல். அதன்மேல் காய்களைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள், ஒன்றின் காம்பு இன்னொன்றின் கன்னத்தில் குத்தாதபடி. மேலே வைக்கோல், அதற்குமேல் இன்னொரு வரிசை. இரண்டு வரிசைக்கு மேல் வேண்டாம். அடியில் இருப்பது பழுத்ததும் மேலே உள்ள கனம் தாங்காமல் நசுங்கும். கடைசியில் சாக்கால் மூடுங்கள்.

மாங்காய் தானாகவே எத்திலீன் வாயுவை வெளிவிட்டு அதனால் பழுக்கிறது. வைக்கோல் அந்த வாயுவைக் கொஞ்சம் பிடித்து வைக்கிறது, அதிர்ச்சியையும் தாங்குகிறது. அதற்காகப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டிவிடக் கூடாது. காற்று இல்லாவிட்டால் பழம் புளித்துக் கள் வாடை அடிக்கும்.

நாலைந்து காய்தான் என்றால் வைக்கோலே வேண்டாம். அரிசிப் பாத்திரத்தில் புதைத்து வைக்கும் பாட்டிகளின் வழி சரியாகவே வேலை செய்கிறது. ஆனால் தினமும் எடுத்துப் பார்க்க வேண்டும், அரிசிக்குள் பழுப்பது வேகம். அவசரம் என்றால் ஒரு பழுத்த வாழைப்பழத்தைக் கூட வையுங்கள், அதுவும் எத்திலீன் விடும்.

கார்பைட் கல் பேச்சே வேண்டாம். அது தடை செய்யப்பட்டது. அதில் ஆர்செனிக், பாஸ்பரஸ் எச்சங்கள் இருக்கக்கூடும். கடையில் சீரான மஞ்சளாக இருப்பதெல்லாம் கல் வைத்தது என்ற முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். அனுமதிக்கப்பட்ட எத்திலீன் வாயு அறையில் பழுத்ததும் சீராகத்தான் மஞ்சளாகும். வெளியே மஞ்சளாக இருந்து, மணமே இல்லாமல், வெட்டினால் உள்ளே வெளிறிக் கெட்டியாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அதுவும்கூடப் பிஞ்சாகப் பறித்ததன் விளைவாக இருக்கலாம். எப்படியானாலும் சாப்பிடத் தகுந்ததல்ல.

8. தினமும் ஒருமுறை திறந்து பாருங்கள்

இமாம்பசந்த் நாலைந்து நாளில் வந்துவிடும். பங்கனப்பள்ளிக்கு ஒரு வாரம் போல ஆகும். மல்கோவாவுக்கு அதற்கும் சற்று மேல். வெயிலைப் பொறுத்து முன்பின் ஆகும் என்பதால் நாளை எண்ணாதீர்கள், பெட்டியைத் திறந்து மோந்து பாருங்கள். இரண்டாம் மூன்றாம் நாள் வரை ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் காலையில் சாக்கைத் தூக்கியதும் மணம் மூக்கில் ஏறும். அன்றிலிருந்து காலை, மாலை இருவேளையும் பாருங்கள்.

தொட்டுப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. கட்டைவிரலால் கன்னத்தில் அழுத்தினால் அந்த இடம் கன்றிவிடும். காயை உள்ளங்கையில் வைத்து எல்லா விரலாலும் மென்மையாகப் பிடியுங்கள். இமாம்பசந்த்தில் காம்படியில் மெதுவாக விட்டுக் கொடுத்தாலே எடுத்துவிடலாம், நிறத்துக்குக் காத்திருக்க வேண்டாம். மல்கோவாவுக்கும் அதே விதி. பங்கனப்பள்ளி முழு மஞ்சளான பிறகும் ஒருநாள் பொறுத்தால் இனிப்பு கூடும். நீலம் தோல் லேசாகச் சுருங்கத் தொடங்கும்போதுதான் உச்சத்தில் இருக்கும். சுருக்கத்தைக் கண்டு கெட்டுப்போச்சு என்று எறிபவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

பழுத்ததை உடனே வெளியே எடுங்கள். கரும்புள்ளி பரவுவது, காம்படியில் கருத்து இளகுவது எதுவாக இருந்தாலும் அதையும் எடுத்துவிடுங்கள்.

9. குளிர்சாதனப் பெட்டிக்குப் பழம் மட்டும்

காயாக இருக்கும்போது உள்ளே வைத்தால் குளிர் தாக்கித் தோல் கருத்துத் திட்டாகும், வெளியே எடுத்தாலும் அதற்கப்புறம் ஒழுங்காகப் பழுக்காது. மாங்காய் வெப்பமண்டலத்துச் சரக்கு, 10 டிகிரிக்குக் கீழே அதற்கு ஒத்துக்கொள்ளாது. நன்றாகப் பழுத்ததை மட்டும் வைத்து நாலைந்து நாளுக்குள் முடித்துவிடுங்கள். சாப்பிடுவதற்கு அரை மணி முன்னால் வெளியே எடுத்தால்தான் மணம் திரும்பும்.

10. வெட்டும்போது கவனிக்க வேண்டியவை

தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டுக் கழுவுங்கள். காம்படியில் ஒட்டியிருக்கும் பால் போய்விடும். காம்புப் பக்கம் ஒரு வில்லையைச் சீவி எறியுங்கள். கொட்டை தட்டையானது, எனவே பழத்தை நிறுத்தி அதன் அகலமான இரு கன்னத்தையும் கொட்டையை உரசினாற்போல் செங்குத்தாக இறக்கினால் இரண்டு முழுக் கதுப்பு கிடைக்கும்.

நீலத்தின் கொட்டையை வெட்டினால் உள்ளே கருவண்டு ஊர்ந்து வரலாம். பிஞ்சாக இருக்கும்போதே தோலில் இட்ட முட்டையிலிருந்து புழு கொட்டைக்குள் போய்விடும். அது நுழைந்த துளை காய் வளர்கையில் மூடிக்கொள்ளும். அதனால்தான் வெளியே தெரிவதில்லை. சதை கருக்காமல் இருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம், கொட்டையை மட்டும் குப்பைக்கு அனுப்புங்கள். சதையிலேயே வெள்ளைப் புழு நெளிந்தால் அது வேறு. அது பழ ஈயின் வேலை, மழை தொடங்கியபின் வரும் பழங்களில் அதிகம். அந்தப் பழத்தை முழுதாக எறிந்துவிடுங்கள். பெட்டியில் மீதி இருப்பவற்றிலும் தோலில் ஊசி குத்தினாற்போல் புள்ளியும் அதைச் சுற்றி இளகிய இடமும் உண்டா என்று பார்த்துவிடுங்கள்.

குழைந்துபோனவை எப்படியும் சில மிஞ்சும். அவற்றைத் தோலுரித்து மோர்க்குழம்பில் போடலாம். மணம் தூக்கலாக இருப்பதால் நீலம் இதற்கு நன்றாகச் சேரும். கூழாக்கிக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்தால் சீசன் முடிந்தபிறகும் மில்க்‌ஷேக்குக்கு ஆகும்.